வீட்டுச் சர்வரும் அழையா விருந்தினரும்

மூன்று திங்களுக்கு முன் இப்பகுதியில், வீட்டிலேயே சிறு சர்வர் ஒன்றை அமைத்துக்கொள்ளும் முறையை விரிவாக எழுதியிருந்தோம். பழைய மடிக்கணினி ஒன்றோ, உள்ளங்கை அகலமே உள்ள ராஸ்பெரி பை ஒன்றோ போதும். அதில் லினக்ஸை நிறுவி, ஒரு வட்டை இணைத்து, குடும்பத்தின் படங்களையும் பத்திரங்களையும் ஏற்றிவிட்டால், ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தபடியே எடுத்துப் பார்க்கலாம் என்று கூறியிருந்தோம். படங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற இலவச இடத்தை 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளோடு கூகுள் நிறுவனம் நிறுத்தி, இலவசமாக வேண்டுவோர் எல்லாவற்றையும் 15 ஜி.பி.க்குள் அடக்கிக்கொள்ளச் சொன்னது முதல், இப்படி ஓர் ஏற்பாட்டை நாடிய அன்பர் பலர். அவர்களுள் சிலர் நாம் எழுதியவாறே செய்து முடித்து, நன்றி கூறிக் கடிதமும் எழுதினர். அக்கடிதங்களை இப்போது எடுத்துப் படிக்கும்போது நமக்கு நாணமாக இருக்கிறது.

காரணத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். அக்கட்டுரையில் வாயிலைத் திறக்கும் முறையைச் சொன்னோம். காக்கும் முறையைச் சொல்லவில்லை. ‘கடவுச்சொல் நல்லதாக இருக்கட்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். அந்த ஒரு வரி போதாது என்பதை நம் வீட்டுச் சர்வரே நமக்குக் கற்பித்தது.

நம் வீடு பாறசாலைக்குத் தெற்கே, இஞ்சிவிளைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. நடு அறையில், பாட்டா காலத்து மர அலமாரியின் கீழ்த்தட்டில் அந்த மடிக்கணினி கிடக்கிறது. ஆடி மழை பெய்துகொண்டிருந்த நாளொன்றில் அதன் விசிறி ஓயாமல் இரையத் தொடங்கிற்று. வெயிற்காலமும் அன்று; படம் ஏற்றுவோரும் யாருமில்லை. தூசி அடைத்திருக்கும் என்று நாம் இருந்துவிட்டோம். “இதென்ன மக்களே, ராத்திரி முழுக்க வண்டு இரைஞ்ச மாதிரி கிடக்கு?” என்று பெரியம்மை இருமுறை கேட்டார். அவர் காது கேட்டதை நம் கல்வி கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், இணைய இணைப்புத் தருவோரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்ன முகவரியிலிருந்து பிறர் கணினிகளுக்குள் புகும் முயற்சி நடைபெறுவதாகப் புகார் வந்திருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த முகவரி நம்முடையது.

திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் மருமகன் சனிக்கிழமை வந்து உட்கார்ந்தான். சிறிது நேரம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “மாமா, இந்த ‘ஸ்கேன்’ என்கிற கணக்கு யாருக்கு?” என்று கேட்டான். பழைய பத்திரங்களைப் படியெடுக்கும் ஸ்கேனர் கருவி, எடுத்த படிகளைத் தானே கொண்டுவந்து வைக்கட்டும் என்று நாமே திறந்த கணக்கு அது. கடவுச்சொல் என்ன என்று கேட்டான். அதுவும் ‘ஸ்கேன்’தான். அவன் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். வெளியிலிருந்து நாமே நுழைவதற்காக ரவுட்டரில் 22ஆம் எண் வாயிலைத் திறந்துவைத்திருந்தோம். எஸ்.எஸ்.எச். எனப்படும் தொலைநுழைவு முறைக்கு உலகெங்கும் வழங்கும் வாயில் எண் அது. அவ்வழியே எவனோ ஒருவனுடைய நிரல் வந்து, ஸ்கேனரின் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்திருக்கிறது. நுழைந்ததும் இரண்டு வேலைகளைத் தொடங்கியது. ஒன்று, நம் மின்சாரத்தில் அவனுக்கு மின்நாணயம் தோண்டுவது. விசிறி இரைந்தது அதனால்தான். மற்றொன்று, நம் வீட்டிலிருந்துகொண்டே ஊர் உலகத்தார் கதவுகளையெல்லாம் தட்டுவது.

படங்கள் போகவில்லை. பத்திரங்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆயினும் அவற்றை அவன் படியெடுத்துக்கொண்டு போனானா என்பதை அறிய வழியே இல்லை. களவுபோன நகை பெட்டியில் இருக்காது. களவுபோன படியோ இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த உறையில் இருந்தவை எவை? மகள், மருமகன் இருவருடைய பாஸ்போர்ட்டுப் படிகள், ஆதார் அட்டைகள், கொல்லம் 1108ஆம் ஆண்டு எழுதிய நிலப்பத்திரம், பாட்டாவின் தமிழ்ப் பள்ளிச் சான்றிதழ். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா இப்பக்கமே நின்றுவிட்டது. அதன்பின் இங்கே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு, நாங்கள் இன்னார் என்று தமிழில் எழுதிய காகிதம் எத்தனை இருக்கும் என்பது நேயர்களுக்குத் தெரியும். அவற்றைக் கரையானிடமிருந்து காக்கவே சர்வர் வைத்தோம். கரையானிடமிருந்து காத்து, முகமறியாத ஒருவனுக்குத் தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிட்டோம்.

உள்ளே வந்தவன் எதையெல்லாம் தொட்டான் என்று தெரியாதபோது, கணினியைத் துடைத்துப் பயனில்லை. அவன் பின்கதவு ஒன்றை எங்கேனும் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆகையால் இணையத்தினின்று பிரித்து, படங்களையும் பத்திரங்களையும் மட்டும் வேறு வட்டுக்கு எடுத்துக்கொண்டு, வட்டை முற்றும் அழித்து, லினக்ஸைப் புதிதாக நிறுவினோம். நிரல்களில் ஒன்றையும் பழைய வட்டிலிருந்து எடுக்கவில்லை. அக்கணினியில் தட்டச்சிட்ட கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றினோம். ஒரு ஞாயிறு முழுதும் இதிலேயே கழிந்தது.

இனி, இதைக் கேட்டவர் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. ‘பாறசாலையில் ஒரு மூலையில், அலமாரிக்கு அடியில் கிடக்கும் கணினியைத் தேடி எவன் வருவான்?’ நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். யாரும் தேடி வரவில்லை என்பதே விடை. அவன் நம்மைத் தேடவில்லை. எல்லாக் கதவுகளையும் தட்டிக்கொண்டு போகிறான், நம் கதவும் அவற்றுள் ஒன்று. நான்காம் பதிப்பு இணைய முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆனால் 2013ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஸீமேப் என்னும் நிரலை எழுதி, விரைவான இணைப்புடைய ஒரே கணினியைக்கொண்டு அவ்வளவு முகவரிகளையும் 45 நிமிடத்திற்குள் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினர். பாறசாலை ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திற்குள் உலகம் முழுவதையும் தட்டிவிடுகிறார்கள்! இதில் மூலை ஏது, முடுக்கு ஏது?

புதிதாக நிறுவியபின், அறிவதற்காகவே அவ்வாயிலை ஓர் இரவு திறந்துவைத்துப் பதிவேட்டைப் பார்த்தோம். விடிவதற்குள் நாலாயிரத்திற்கு மேற்பட்ட முறை தட்டியிருந்தார்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், பை என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். இவற்றுள் கடைசிப் பெயரை ராஸ்பெரி பை வைத்திருப்போர் குறித்துக்கொள்க. அக்கருவியின் பழைய பதிப்புகளில் ‘பை’ என்ற பெயரும் ‘ராஸ்பெரி’ என்ற கடவுச்சொல்லும் ஆலையிலிருந்தே வந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டனர். அதற்குமுன் எழுதிய நினைவட்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம் சங்கத்திலேயே இரண்டு உண்டு.

வாயில் எண்ணை மாற்றிவிட்டால் தீர்ந்ததல்லவா என்று ஓர் அன்பர் கேட்டார். 22க்குப் பதிலாக 48,000க்கு மேல் ஏதோ ஓர் எண்ணை வைத்திருக்கிறாராம். நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பலாமரத்தின் எச்சத்தைக் காத்துவருவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். பகைவர் துரத்திவந்தபோது மார்த்தாண்ட வர்மா அம்மரத்தின் பொந்தில் மறைந்து உயிர் தப்பினார் என்பது வழிவழிச் செய்தி. ஒரு பொழுதுக்கு மறைவிடம் உதவிற்று, உண்மைதான். ஆனால் 1729இல் அரசு ஏற்றபின் அவர் பொந்துக்குள் இருந்து ஆளவில்லை. பத்மநாபபுரத்துக்கும் உதயகிரிக்கும் கல்லாலேயே கோட்டை கட்டினார். வாயில் எண்கள் மொத்தம் 65,535. ஒரு முகவரியின் எண்கள் அனைத்தையும் தட்டிப் பார்ப்பது நிரலுக்கு எளிய வேலை. எண்ணை மாற்றினால் பதிவேட்டில் இரைச்சல் குறையும்; அவ்வளவே.

பின் என்னதான் செய்வது? முதலில், திறக்கவேண்டாதவற்றைத் திறவாமல் இருப்பது. இதை நம் ஊரார்க்கு விளக்க உவமை தேடிப் போகவேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளறடைப் பக்கத்துப் பனச்சமூட்டிலிருந்து பொழியூர்க் கடற்கரை வரை, எல்லையைக் கடக்கும் ஊடுவழிகள் எத்தனை என்று யாரும் எண்ணிச் சொன்னதில்லை. ரேஷன் அரிசி கடத்துவோர்க்கு அவை எல்லாம் அத்துப்படி. அமரவிளையில் சாவடி வைத்துப் பெருவழியை மட்டும் காத்தால் அவர்கள் அவ்வழியேயா வருவார்கள்? பெருந்தொற்றின்போது அந்த ஊடுவழிகளை அடைத்துவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து நம் பக்கம் வருவோர்க்கு இஞ்சிவிளையையே வாயிலாக வைத்தனர். அங்கும் முன்கூட்டிப் பதிவுசெய்து அனுமதி பெற்றவரையே விட்டனர். மைத்துனன் வீட்டுக்குப் போய்வருவதற்கு நாம் பட்ட பாடு பெரிது. ஆனால் தீயரண் என்று கணினியார் சொல்வது இதைத்தான். ‘எல்லாவற்றையும் மறு’ என்பது முதல் விதி. ‘இன்னதை மட்டும் விடு’ என்பது இரண்டாம் விதி. முறையை மாற்றி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தீயதை மட்டும் தடுப்போம் என்று புறப்பட்டால், தீயதன் பட்டியல் முடிவதே இல்லை.

ரவுட்டரிலும் இதைச் செய்யவேண்டும். இணைப்புத் தர வந்தவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை எத்தனை வீடுகளில் மாற்றியிருக்கிறோம்? முதலில் அதை மாற்றுக. அடுத்து, யு.பி.என்.பி. என்று ஓர் அமைப்பு அதில் இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் நம்மைக் கேளாமலே தானாக வாயில் திறந்துகொள்ள இடங்கொடுப்பது அது. சௌகரியந்தான், வேலைக்காரனிடம் கொத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகும் சௌகரியம். அணைத்துவிடுக.

திறந்தே ஆகவேண்டிய வாயிலுக்குக் கடவுச்சொல் வேண்டாம், சாவி வேண்டும். இச்சாவி இணையாகப் பிறக்கிறது. ஒன்று நம் கைக்கணினியைவிட்டு ஒருபோதும் வெளியேறாது. மற்றதைச் சர்வரில் பூட்டாக வைக்கிறோம். பூட்டை எவர் பார்த்தாலும் அதிலிருந்து சாவியைச் செய்ய இயலாது. இப்படி வைத்தபின், கடவுச்சொல்லால் நுழையும் முறையையே எஸ்.எஸ்.எச். அமைப்பில் அடியோடு நிறுத்திவிடலாம். ரூட் என்னும் தலைமைக் கணக்கு வெளியிலிருந்து நேரே நுழைவதையும் தடுத்துவிடலாம். அதன்பின் நாலாயிரம் முறையல்ல, நாலு கோடி முறை பெயர் சொல்லிப் பார்த்தாலும் பயனில்லை. ஓர் எச்சரிக்கை: கடவுச்சொல்லை நிறுத்துமுன், ஏற்கெனவே நுழைந்திருக்கும் ஒரு திரையை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு திரையில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துக்கொள்க. நாம் பாராமல் மூடிவிட்டு, நம் வீட்டுக்கு நாமே வெளியே நின்றோம். விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு அலமாரிக்கு அடியில் தவழ நேர்ந்தது. பலமுறை தவறாகத் தட்டுபவனைச் சிறிது நேரம் விலக்கிவைக்கும் ஃபெயில்டுபேன் என்னும் நிரலையும் நிறுவலாம்; ஆனால் சாவி இல்லாமல் அது மட்டும் இருந்தால் போதாது. தட்டுவோர் ஆயிரம் முகவரிகளிலிருந்து ஒவ்வொரு முறை தட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதினும் நல்ல வழி வயர்கார்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் லினக்ஸின் கருவிலேயே சேர்க்கப்பட்ட சுரங்கவழி அது. சரியான சாவி இல்லாதவன் தட்டினால் ‘இல்லை’ என்றுகூடச் சொல்லாது. வாய் திறவாமல் இருந்துவிடும். தட்டியவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. வயர்கார்டு ஒன்றை மட்டும் வெளியில் வைத்து, மற்றவற்றை எல்லாம் உள்ளே வைத்துவிட்டால் பெரும்பாலான தொல்லை தீர்ந்தது.

வளைகுடாவில் பிள்ளைகள் இருப்போர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல் கூறியாகவேண்டும். வயர்கார்டும் வி.பி.என். வகையைச் சேர்ந்ததே. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக்குற்றச் சட்டப்படி, குற்றம் செய்வதற்கோ அதை மறைப்பதற்கோ இணைய முகவரியை மாற்றிக் காட்டுவது கடுந்தண்டனைக்கு உரியது. வீட்டுப் படத்தைப் பார்க்க வருவது குற்றமன்று. ஆனால் சுரங்கவழி கையில் இருக்கிறதே என்று, அங்கே தடைசெய்யப்பட்ட இணைய அழைப்புகளையும் தளங்களையும் அதன் வழியே திறக்கத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. வேலையையும் விசாவையும் பணயம் வைத்து அம்மையின் முகம் பார்க்கவேண்டாம். ஷார்ஜாவில் உள்ள நம் மகளுக்கு நாம் வயர்கார்டு கொடுக்கவில்லை. படங்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் பூட்டிட்ட எச்.டி.டி.பி.எஸ். வழியே வைத்து, கடவுச்சொல்லோடு கைப்பேசியில் தோன்றும் ஆறிலக்க எண்ணையும் கேட்கும்படி செய்திருக்கிறோம். பாஸ்போர்ட்டுப் படிகளும் பத்திரங்களும் அப்பக்கத்தில் இல்லை.

வாயிலை அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது மறந்துபோவது ஒன்று உண்டு. 1809ஆம் ஆண்டு பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்கக் கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக்கு வந்தது. கணவாயைக் குறுக்கே மறித்து மதிலும் பீரங்கிகளும் இருந்தன. எதிரே வந்தால் அழிவுதான். கும்பினியார் எதிரே வரவில்லை. மேஜர் வெல்ஷ் என்பவன் தலைமையில் ஒரு பிரிவு, எவரும் ஏறமாட்டார்கள் என்றிருந்த தென்புறத்துச் செங்குத்தான மலையில் இரவோடிரவாக ஏறி, மேலிருந்து இறங்கிற்று. மறுநாள் வாயில் அவர்கள் கையில். இப்போது நம் இணைப்புகள் பலவற்றில் அத்தகைய மலை ஒன்று இருக்கிறது. ஆறாம் பதிப்பு முகவரி என்பது அது. பழைய முறையில் வீட்டுக்கெல்லாம் ஒரே முகவரி. ரவுட்டரில் திறவாத வாயில் வழியே உள்ளே வரமுடியாது. புதிய முறையிலோ வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் வெளியுலகத்திலிருந்து நேரே எட்டத்தக்க தனி முகவரி உண்டு. பல ரவுட்டர்கள் அதையும் தடுக்கின்றன, சில தடுப்பதில்லை. ஆகவே தீயரணின் விதிகளை இரண்டு பதிப்புகளுக்கும் எழுதுக. எழுதியபின், கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் சொந்த இணைப்பின் வழியே வெளியாளாக வந்து தட்டிப் பார்க்க.

வேறு சிலர்க்கு இதற்கு நேர்மாறான நிலை. இணைப்புத் தருவோர் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுத்திருப்பர். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், நீங்கள் அவ்வகையைச் சேர்ந்தவர். நான்காம் பதிப்பு வழியே வெளியிலிருந்து எவரும் உங்கள் கதவை நேரே தட்டமுடியாது. நீங்களும் உங்கள் வீட்டுக்கு அவ்வழியே வரமுடியாது.

அடுத்தது புதுப்பித்தல். இதை வலியுறுத்த நம் மாநிலத்துக் கிராமங்களே சான்று. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் வானாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. சில நாட்களில் வயநாட்டுத் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் காலையில் கணினியைத் திறந்தவர்கள், கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்கும் அறிவிப்பைக் கண்டனர். தரியோட்டில் என்ன பெரும் செல்வம் இருக்கிறதென்று வந்தான்? வரவில்லை; தட்டிக்கொண்டே போனான். அவன் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே, அதாவது இரண்டு திங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. ஏற்றிக்கொண்டவர் தப்பினர். லினக்ஸில் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே ஏறும்படி அமைக்க அரைமணி நேரம்கூட ஆகாது. நம் கணினியில் அதை அமைக்காமல் விட்டிருந்தோம் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

திருத்தமே வராத கருவிகளின் கதை வேறு. 2021ஆம் ஆண்டு ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்னும் இணைய வட்டுப்பெட்டியை வைத்திருந்த பலர், ஒரு நாள் திறந்து பார்த்தபோது பெட்டி ஆலையிலிருந்து வந்த நாள்போல் வெறுமையாக இருந்தது. ஆண்டுக்கணக்கான குடும்பப் படங்கள் போயின. அக்கருவிக்கு 2015ஆம் ஆண்டோடு திருத்தங்கள் நின்றுபோயிருந்தன. பெட்டி மட்டும் இணையத்தில் இருந்தது. ‘நல்லாத்தானே ஓடுது’ என்று நாம் வைத்திருக்கும் பழைய பொருள்களை இக்கண்கொண்டு ஒருமுறை பார்க்கவேண்டும்.

வீட்டு முகப்பில் மாட்டும் காமிராக்களும் அத்தகையவையே. 2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபதை மட்டும் வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றை ஏவி அமெரிக்காவில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்களையே பல மணி நேரம் எட்டாமல் செய்துவிட்டனர். திருடனைப் பிடிக்க மாட்டிய காமிரா திருடனுக்கு ஏவலாளாயிற்று. ரவுட்டரில் விருந்தினர்க்கென்று தனி இணைப்பு ஒன்று அமைக்க வசதியிருக்கும். காமிரா, தொலைக்காட்சி முதலியவற்றை அதில் போட்டு, சர்வரை வேறாக வைத்துக்கொள்க.

இவ்வளவும் செய்தபின்னும் எவனேனும் வரலாம். ஆகையால் காப்புப்படி வேண்டும். எப்போதும் சர்வரோடு இணைந்தே கிடக்கும் வட்டு காப்புப்படி ஆகாது; வந்தவன் அதையும் சேர்த்தே பூட்டுவான். நாம் இரண்டு வட்டுகள் வைத்திருக்கிறோம். ஒன்று மார்த்தாண்டத்தில் தங்கை வீட்டுப் பீரோவில், மறையெழுத்தால் பூட்டி வைத்திருக்கிறது. திங்களுக்கு ஒருமுறை வாழைக்குலை வாங்கப் போகும்போது மாற்றிக்கொண்டு வருகிறோம். எல்லைக்கு அப்பால் உறவு இருப்பதன் பயன்களில் இது புதியது. ஆண்டுக்கு இருமுறையேனும் அவ்வட்டிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். எடுத்துப் பார்த்திராத காப்புப்படி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது.

கடைசியாகப் பதிவேடு. 1986ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கிளிஃபர்ட் ஸ்டோல் என்னும் வானியலாரிடம் கணினிக் கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, என்னவென்று பார் என்றார்கள். நம்மவர் நாணயத்தில் சில ரூபாய். அவர் விடாமல் தொடர்ந்தார். பல திங்கள் கழித்து அந்நூல் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் ஒருவன் வீட்டில் போய் முடிந்தது. நம்மிடம் 75 சென்ட் அன்று, விசிறியே ஒன்பது நாள் கூவிற்று. வாரத்திற்கு ஒருமுறை யார் யார் நுழைந்தனர் என்ற பட்டியலைப் பார்ப்பது கால்மணி வேலை. இப்போது ஞாயிறு காலை, செய்தித்தாளுக்கு முன் அதைப் பார்த்துவிடுகிறோம்.

பிறர் கணினிக்குள் அனுமதியின்றிப் புகுந்து கேடு செய்வது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். நம் வீட்டுக்குள் வந்தவன் எந்த நாட்டிலிருந்தான் என்றே தெரியாதபோது அப்பிரிவால் பெரும்பயன் இல்லை. ஆனால் பணம் போயிருந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். 2017ஆம் ஆண்டு தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம் என்னும் மைய அரசு அமைப்பு தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது.

நம் பழைய கட்டுரையைப் படித்துச் சர்வர் அமைத்துக்கொண்டதாக நமக்கு எழுதியவர் நால்வர். தனுவச்சபுரத்தில் ஒருவர், காரக்கோணத்தில் ஒருவர், உதயங்குளங்கரையில் இருவர். இவ்விதழ் கிடைத்த அன்றே ரவுட்டரில் திறந்த 22ஆம் வாயிலை அடைத்துவிடுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நமக்கு எழுதாமல் அமைத்துக்கொண்டவர்களும் அவ்வாறே செய்க. அடைத்தால் சில நாட்கள் வெளியூர்ப் பிள்ளைகள் படம் பார்க்க முடியாது. திங்களின் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மருமகன் சங்கத்துக்கு வருகிறான். ரவுட்டரின் கடவுச்சொல்லையும், மடிக்கணினியையும், வெறும் வட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு வருவோர்க்குச் சாவி செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.